பேத்தி போகும் அங்கன்வாடி: நிறையும் குறையும்

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில், நூற்பாலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஊரில் இருக்கிறது இந்த அங்கன்வாடி. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் டீச்சர் யாரென்று தெரிந்துவிடும். நான் பாராட்டியதற்கும் சேர்த்து அவரிடம் விளக்கம் கேட்பார்கள். ஓட்டலுக்கும் மிக்ஸிக்கும் செருப்புக்கும் விமரிசனம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரசாங்கம் நடத்தும் அங்கன்வாடிக்கு எழுத ஆளில்லை. காசு வாங்காத இடத்தைப் பாராட்டவும் கூச்சம், குறை சொல்லவும் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பஸ்ஸின் பக்கவாட்டில், அரசு போக்குவரத்துக் கழகத்தின் பெயராக, ராணி மங்கம்மாள் என்று எழுதியிருந்த காலத்தில் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்து, 1997இல் கழகங்களின் அந்தப் பெயர்களையெல்லாம் அழித்த பிறகும் அதே தடத்தில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன். இப்போதைய உத்தியோகம், காலையில் பேத்தியைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் இந்த மையத்தைப் பற்றிப் பேச முடியாது. மகள் ஸ்பின்னிங் மில்லில் கோன் வைண்டிங் பிரிவில், நூலைக் கூம்பில் சுற்றும் வேலையில் இருக்கிறாள். மூன்று ஷிப்ட், வாரம் ஒன்று. காலை 6 முதல் 2 வரை, 2 முதல் ராத்திரி 10 வரை, 10 முதல் விடியற்காலை 6 வரை. மருமகன் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வருகிற தேதி அவருக்கே தெரியாது. பேத்திக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. என்னை அப்புச்சி என்று கூப்பிடும். கோபம் வந்தால் கண்டக்டர் என்று கூப்பிடும்.

அங்கன்வாடிக்குக் கட்டணம் இல்லை. டவுனில் ஆங்கிலப் பெயர் வைத்த ஒரு விளையாட்டுப் பள்ளி, வேனும் சேர்த்து வருடத்துக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கேட்டது. மருமகனுக்கு அதில்தான் ஆசை. மகளும் நானும் போய்ப் பார்த்தோம். சுவர் முழுக்கப் படம், வழுவழுப்பான தரை, வரவேற்பறையில் கேமரா காட்சி ஓடும் டி.வி. எங்கள் பாப்பாவுக்கு நிறங்களின் பெயர் தெரியுமா, ஆங்கில எழுத்து எதுவரை சொல்லும் என்று விசாரித்தார்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேட்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் வந்தது, அதுவும் பணம் கட்டப்போவது யார் என்று தெரிந்துகொள்வதற்காக.

அங்கன்வாடி டீச்சர் முதலில் பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். யாரோடு படுக்கும்? எத்தனை மணிக்கு? சாப்பிடும்போது கையில் என்ன இருக்கும்? எதைச் சொல்லி மிரட்டுவீர்கள்? வீட்டில் குடிக்கிறவர்கள் உண்டா? கடைசிக் கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஓய்வு பெற்ற கண்டக்டர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானம் இருந்திருக்க வேண்டும். இல்லை என்றேன். தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். சோறு போடுகிற இடம், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இது. நம் மாநிலத்தில் 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்ததும் மதியச் சோறு பெரிதாகத் தெரிந்தது, மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. சோற்றுக்காகவே சேர்த்தாலும் தப்பில்லை. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சோறு இல்லை.

காலையில் பிள்ளைகள் வந்ததும் வாசலில் ஆயாம்மா கை கழுவி விடுவார். அந்த இடத்தில் டீச்சர் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "நேற்று ராத்திரி யார் பக்கத்தில் படுத்தாய் கண்ணு?" சாப்பிட்டாயா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். அழுதாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது. 'அம்மா பக்கத்தில்' என்றால் முதல் ஷிப்ட் அல்லது இரண்டாவது. 'அப்புச்சி பக்கத்தில்' என்றால் அம்மாவுக்கு நைட் ஷிப்ட். 'ஆத்தா வீட்டில் படுத்தோம்' என்று ஒரு பெண் குழந்தை சொன்னால், புருஷன் பெண்டாட்டி சண்டையில் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு பையன் 'கட்டிலுக்கு அடியில்' என்றான். டீச்சர் முகம் மாறவில்லை. "சரி, வா" என்று கையைத் துடைத்து உள்ளே அனுப்பினார்.

இந்தப் பதில்களை அவர் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. மதியம் பாய் விரிக்கும்போது பார்த்தால்தான் அவை எங்கே போயின என்று தெரியும். ஜன்னலோரம், கதவோரம், ஆயாம்மா உட்காரும் தூணோரம் என்று ஒவ்வொரு நாளும் பாய் வரிசை மாறும். வீட்டில் நிம்மதியாகத் தூங்கி வந்த பிள்ளைகள் ஜன்னல் பக்கம். அவர்களுக்குத் தூக்கம் வராது, காக்கையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அந்தப் பையனுடைய பாய் தூணோரம், ஆயாம்மாவின் கை எட்டுகிற தூரத்தில். அவனுக்குச் சத்தம் ஆகாது. ஒரு நாள் எவர்சில்வர் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் பந்தி வரிசையின் கடைசியில், பாத்திரம் கழுவும் இடத்துக்குத் தள்ளி உட்கார்ந்தான். அவனாக உட்காரவில்லை, உட்கார வைக்கப்பட்டான்.

என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு இரண்டாவது ஷிப்ட் வருகிற வாரம்தான் வீட்டில் பெரும்பாடு. மில் பஸ் கொண்டுவந்து விடும்போது ராத்திரி பத்தரை ஆகிவிடும். பாப்பா அதுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருக்கும். அம்மாவைப் பார்த்ததும் தூக்கம் கலைந்து ஆட்டம் போடும். அவளும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து, பிள்ளையோடு இருக்கக் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை விட மனமில்லாமல் கொஞ்சிக்கொண்டிருப்பாள். பன்னிரண்டாகிவிடும். காலை எட்டரைக்கு எழுப்பினால் பிள்ளை கடித்துக் குதறும். மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கம் அதில் சேர்த்தி என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அத்தனை மணி நேரம் இருந்தால் மட்டும் போதாது, தூங்கும் நேரமும் எழும் நேரமும் நிலையாக இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மில் முடிவு செய்கிற வீட்டில் நிலையான நேரத்துக்கு எங்கே போவது?

டீச்சர் இதற்கு எங்களுக்குப் புத்தி சொல்லவில்லை. அதுதான் முக்கியம். வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் அம்மாவைக் கூப்பிட்டு, 'பிள்ளையை நேரத்துக்குத் தூங்க வையம்மா' என்று ஒரு பிரசங்கம் நடக்கும். இவர் என்னிடம் மகளின் ஷிப்ட் அட்டவணையை எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் எங்கள் பாப்பாவுக்கு மட்டும் சோற்றுக்கு முன்பே பாய் விரித்துவிடுகிறார். பதினொன்றரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறது, ஒன்றரை வாக்கில் எழுப்பிச் சோறு போடுகிறார்கள். மையத்தின் கால அட்டவணைப்படி எல்லாப் பிள்ளையும் சேர்ந்து சாப்பிட்டுச் சேர்ந்துதான் தூங்க வேண்டும். மேற்பார்வையாளர் வந்த அன்று அதற்கு ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது என்று ஆயாம்மா சொன்னார். மகளிடம் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று: "வீட்டுக்கு வந்ததும் பெரிய விளக்கைப் போட வேண்டாம், செல்போனை எடுக்க வேண்டாம். இருட்டிலேயே கட்டிக்கொண்டு படுத்துக் கதை பேசட்டும்." கொஞ்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது பதினொன்றேகாலுக்குள் தூங்கிவிடுகிறார்கள், இரண்டு பேரும்.

மருமகன் வருகை இன்னொரு பாடு. அவர் வந்து இறங்கினால் பாப்பாவுக்குத் தீபாவளி. பை நிறைய சிப்ஸ் பொட்டலம், ராத்திரி முழுக்க மடியில் உட்கார்ந்து அவருடைய செல்போனில் பாட்டு. பாவம், மாதக்கணக்கில் பார்க்காத பிள்ளை. யாரும் தடுக்க மாட்டோம். திரும்பிப் போகும்போது, பிள்ளை அழுமே என்று, தூங்கும்போதே விடியற்காலையில் கிளம்பிவிடுவார். அதன் பிறகு கொஞ்ச நாள் பாப்பா அங்கன்வாடியில் பக்கத்துப் பிள்ளைகளைக் கிள்ளும், பாயில் படுக்க மறுக்கும், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும். நாங்கள் செல்லம் கொடுத்ததால் வந்த திமிர் என்று நினைத்தோம்.

டீச்சர் சொன்னது எங்களில் யாருக்கும் தோன்றாதது. "தூங்கி எழுந்தால் அப்பா இல்லை என்றால், அது எப்படித் தூங்கும் ஐயா? அழட்டும். லாரி எடுக்கும்போது கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்." மருமகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளை அழுகையைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்றார். அடுத்த முறை பகலிலேயே கிளம்பினார். பாப்பா லாரி ஸ்டாண்டில் தரையில் புரண்டு ஊரைக் கூட்டியது. கிளீனர் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்று ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிய பிள்ளை காலை ஏழு மணிவரை அசையவில்லை. படுக்கையும் நனையவில்லை. இதற்கு டவுனில் ஒரு மருத்துவர் நூறு ரூபாய் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி இனிச் சொல்லலாம். தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், காய்கறி போட்ட சாதம், பருப்புச் சாதம் என்று நாளுக்கொரு வகை. வாரத்துக்கு மூன்று வேகவைத்த முட்டை. பயறோ கடலையோ ஒரு நாள், உருளைக்கிழங்கு ஒரு நாள். காலையில் சத்துமாவை வெந்நீரில் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறார்கள்; வறுத்த கோதுமை மாவு, கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் சேர்ந்தது, வாசனை நன்றாகவே இருக்கும். ருசி என்று பார்த்தால் எலுமிச்சைச் சாதத்துக்கு முழு மதிப்பெண், காய்கறிச் சாதம் குழைந்து கிடக்கும். தாளிப்பில் எண்ணெய் கஞ்சத்தனம். முட்டையை நான் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. கண்டக்டர் புத்தி, எண்ணாமல் இருக்க முடியாது.

சேர்ந்த புதிதில் பாப்பா அங்கே ஒரு பருக்கை தொடவில்லை. வீட்டில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும். படம் நின்றால் வாயும் மூடிக்கொள்ளும். என் மனைவியும் மகளும் மாறி மாறி இப்படித்தான் ஊட்டினார்கள். அங்கன்வாடியில் டீச்சருடைய போன் பீரோவில் பூட்டிக் கிடக்கும். ஆயாம்மாவுடையது இடுப்பில் இருக்கும், ஆனால் அதில் படம் ஓடாது. பிள்ளையைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற ஒரு குண்டுப் பையனுக்கு எதிரே உட்கார வைத்து, தட்டில் இரண்டே கவளம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். எதிரே அவன் முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்துக் கடைசிக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுவதை என் பேத்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது வீட்டிலும் மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில்தான் தின்கிறது. பாட்டு வேண்டுமென்று கேட்பது நின்றுவிட்டதா என்றால், வீட்டில் இன்னும் கேட்கும், அங்கே கேட்காது. எந்த இடத்தில் எது கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மாதா மாதம் எடை பார்க்கிறார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 13.9 கிலோ, 10.8க்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு. எங்கள் பாப்பா சேர்ந்தபோது 11 கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெலிந்த பிள்ளைகளுக்குக் கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள்; 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. சத்துக்குறைவு என்றால் வடநாட்டுச் சமாச்சாரம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எங்கள் மையத்திலும் சிவப்புக்கு முந்தைய மஞ்சள் கட்டத்தில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டு வாசலில் இரு சக்கர வண்டி நிற்கிறது, உள்ளே பெரிய டி.வி. இருக்கிறது. அரிசி இல்லாமல் மெலியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா மில்லில், அப்பா கடையில், பாட்டி கையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம்.

அந்தப் பொட்டலத்துக்கு எதிராக டீச்சர் ஒரு போரே நடத்துகிறார். மையத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. காலையில் அழாமல் உள்ளே போக வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான வீட்டில் அங்கே ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். டீச்சர் வாசலிலேயே அதை வாங்கி, பெயர் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு, மாலையில் வாங்கிக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவார். பிள்ளையிடம் தர மாட்டார். மாலையில் ஊர் முன்னால் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்பது பெரியவர்களுக்கு மானக்கேடு. கடைக்காரர் ஒரு நாள் சண்டைக்கு வந்தார், வியாபாரம் போகிறதென்று. வறுத்த நிலக்கடலை விற்றுப் பாருங்கள் என்று டீச்சர் பதில் சொன்னார். கடலை போணியாகவில்லை. பொட்டலம் இப்போது மாலையில் போணியாகிறது.

மிரட்டல் விஷயம் சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நர்ஸம்மா வந்து ஊசி போடுவார், தூங்கவில்லை என்றால் போலீஸ் பிடித்துப்போகும், எதற்கும் அடங்காவிட்டால் டீச்சரிடம் சொல்லிவிடுவேன். விளைவு என்னவென்றால், கிராம சுகாதார செவிலியர் மையத்துக்கு வருகிற நாளில் பாதிப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பூச்சி மாத்திரை கொடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, என் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர்கள் இனிமேல் அவரவர் பெயரைச் சொல்லியே மிரட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பாட்டி, என் பேருக்கு அது பயப்படாதே என்றார். கூட்டம் அதோடு கலைந்தது.

குறைகள். கழிப்பறை பெரியவர்கள் அளவில் கட்டியது. பிள்ளைகள் உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள், தண்ணீரும் பாதி நாள் வாளியில்தான். கூரை ஆஸ்பெஸ்டாஸ், சித்திரை வெயிலில் இரண்டு மணிக்கு உள்ளே நிற்க முடியாது. இருக்கிற ஒரு மின்விசிறி தலைக்கு மேலே காற்றைச் சுற்றி விடுகிறது. எடை பார்க்கும் இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் எடை எடுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் எண் இருந்தது. இதை நான் டீச்சரிடமே கேட்டேன். செயலியில் காலியாக விட்டால் மேலே இருந்து போன் வரும் என்றார். கேட்டதற்கு அந்தப் பதிலாவது நேராக வந்தது.

நேரம்தான் பெரிய குறை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு அம்மா ஐந்தரைக்கே பஸ் ஏற வேண்டும். மையம் திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. மூன்றரைக்குப் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ஷிப்ட் அம்மா வருவது ராத்திரி. என்னைப் போல வேலை இல்லாத ஒரு கிழவன் வீட்டில் இருந்தால்தான் இந்த இலவசம் பயன்படும். ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே சொல்லிவிட்டது; 1976இல் அதை முப்பதுக்கு மேல் என்று திருத்தினார்கள். 2017இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது, காப்பகத்தில் விட்ட பிள்ளையைத் தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். மகள் வேலை பார்க்கும் மில்லில் காப்பகம் என்று பெயர்ப் பலகை இருக்கிறது. கதவைத் திறந்தால் காலிக் கோன் மூட்டைகள். அங்கன்வாடியைப் பற்றி எழுதும்போது மில்லை ஏன் இழுக்கிறாய் என்றால், பாப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது அங்கன்வாடி இல்லையே.

டீச்சருக்கு வேலைச் சுமை அதிகம். கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், ஊட்டச்சத்துச் செயலியில் புகைப்படம் ஏற்றுவது என்று வாரத்தில் ஒரு நாளாவது அவர் கவனம் பிள்ளைகளிடம் இல்லை. பக்கத்து ஊர் மையத்தில் பணியிடம் காலியாக இருந்தபோது அதையும் இவர் தலையில் கட்டினார்கள். அந்த நாட்களில் ஆயாம்மா ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தார். சோறு சரியாக வந்தது, முட்டை சரியாக வந்தது, பாயும் விரித்தார்கள், வரிசை மட்டும் வந்தபடி. தூணோரம் வேறு பிள்ளை படுத்திருந்தது. அந்தப் பையன் நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். இதே திட்டத்தில் தமிழ்நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேல் மையங்கள் இருக்கின்றன; எத்தனை மையத்தில் முக்காலி போட்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். கையேட்டில் இல்லாத வேலை இது. ஆள் மாறினால் போய்விடும்.

அந்தப் பையன் வீட்டுக்கு டீச்சர் போனார். முதல் தடவை அவனுடைய அப்பா, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை செவிலியரையும் மகளிர் குழுத் தலைவியையும் கூட்டிக்கொண்டு, அவர் குடிக்காத நேரமாகப் பார்த்துக் காலையில் போனார். பையனின் அம்மாவிடம் மட்டும் பேசினார்கள். குடி நிற்கவில்லை. சண்டை மூளும்போலத் தெரிந்தால் பையனைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விட்டுவிடுவது என்று ஏற்பாடு ஆகியிருக்கிறது. இப்போது சில நாள் காலையில் 'பெரியம்மா பக்கத்தில்' என்கிறான், சில நாள் பழைய பதில்தான். மையத்தின் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒருவர் கேலி செய்தார். அது கூட்டிப்போக வருகிறவர்களுக்கு எழுதியது.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு வயது முடிந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் கொண்டுபோங்கள். மாற்று உடை இரண்டு ஜோடி வேண்டும், கழிப்பறைதான் காரணம். வருடா வருடம் மே மாதத்தில் கோடை விடுமுறை விடுவார்கள். மில்லில் விடமாட்டார்கள், அதற்கு இப்போதே ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப்போக வேறு யாரையாவது அனுப்புவதாக இருந்தால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்; முகம் தெரியாதவரிடம் பிள்ளையைத் தர மாட்டார், என் தம்பியையே முக்கால் மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார். மாலையில் மூன்றரைக்குப் போனால் கூட்டமாக இருக்கும். மூன்றேகாலுக்குப் போய்விடுங்கள். டீச்சரிடம், இன்று காலையில் பிள்ளை என்ன பதில் சொன்னது என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் சொல்வார்.